தீயரண் கணினியும் வலையமைப்பு அட்டையும்

வீட்டுக்கோ பள்ளிக்கோ வரும் இணையத் தொடர்பின் வாயிலில் ஒரு காவலை நிறுத்துவது இன்று அவசியமாகிவிட்டது. வெளியிலிருந்து அழைப்பின்றி வரும் தொடர்புகளைத் தடுத்து, உள்ளிருந்து செல்பவற்றை விதிப்படி அனுமதிக்கும் இக்காவலுக்குத் தீயரண் என்று பெயர். ஃபயர்வால் என்னும் ஆங்கிலப் பெயரே வழக்கில் மிகுதி. இதற்கெனத் தனிச் சாதனம் வாங்குவோர் உண்டு. ஒதுக்கி வைத்த பழைய கணினி ஒன்றைக் கொண்டு தாமே அமைத்துக்கொள்வோரும் உண்டு. பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ், ஐபிஃபயர் முதலிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைப்பதால் இரண்டாவது முறையில் செலவு சொற்பமே.

இம்முயற்சியில் இறங்குவோர் பெரும்பாலும் இடறி விழுவது காவல் விதிகளை எழுதும் இடத்தில் அன்று. கடைகளில் ‘லேன் கார்டு’ என்று வழங்கும் சிறிய வலையமைப்பு அட்டையே அவர்களுக்கு முதல் இடையூறாக அமைகிறது. அதன் காரணங்களையும் பரிகாரங்களையும் அறிந்துகொள்வது களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் பயன்படும்.

இரு வாயில்களின் தேவை

தீயரண் நடுவில் நிற்கும் சாதனம். அதன் ஒரு வாயில் மோடத்தை நோக்கியும், மற்றொன்று உள்ளேயுள்ள கணினிகளை இணைக்கும் ஸ்விட்சை நோக்கியும் இருத்தல் வேண்டும். சாதாரண மேசைக் கணினியின் தாய்ப்பலகையிலோ பொதுவாக ஒரே வாயில்தான் உண்டு. ஆகவே இரண்டாவது அட்டை ஒன்றைச் சேர்க்க வேண்டியதாகிறது. அந்த அட்டை மூன்று வகையில் பொருந்த வேண்டும். கணினியின் துளையில் பொருந்த வேண்டும். இயங்குதளம் அதனை அறிந்திருக்க வேண்டும். பாரம் ஏறும்போது பிழையின்றி உழைக்க வேண்டும்.

துளையின் அளவும் வேகமும்

பழைய கணினிகளில் பிசிஐ என்னும் துளைகளும், பின்வந்தவற்றில் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளைகளும் அமைந்துள்ளன. ஒன்றிற்குரிய அட்டை மற்றொன்றில் பொருந்தாது. இவ்வேற்றுமை கண்ணுக்குத் தெரியும். ஆனால் வேகத்தின் வேற்றுமை கண்ணுக்குத் தெரியாது. சாதாரண பிசிஐ பாதை வினாடிக்கு ஏறத்தாழ 133 மெகாபைட் தகவலையே சுமக்கும். அப்பாதையையும் எல்லா அட்டைகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 1 கிகாபிட் வேகத்தில் ஒரு திசையில் மட்டும் வரும் தகவல் வினாடிக்கு 125 மெகாபைட். தீயரணில் அதே தகவல் ஓர் அட்டை வழியே உட்புகுந்து மற்றொன்றின் வழியே வெளியேறுவதால், பாதையை இருமுறை கடக்கிறது. ஆக 250 மெகாபைட் தேவைப்படும் இடத்தில் 133 மட்டுமே கிடைக்கும். வினாடிக்கு 100 மெகாபிட் இணைப்புக்குப் பிசிஐ அட்டைகள் போதுமானவை. கிகாபிட் இணைப்புக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டைகளே ஏற்றவை.

பெட்டியின் பெயரும் சில்லின் பெயரும்

அட்டையை விற்கும் நிறுவனத்தின் பெயர் பெட்டிமேல் இருக்கும். ஆயினும் வேலை செய்வது அட்டையின் மேலுள்ள சில்லு. ஒவ்வொரு சில்லும் தன் உற்பத்தியாளரையும் வகையையும் குறிக்கும் இரு எண்களைத் தாங்கி நிற்கிறது. இன்டெல் சில்லுகள் தம் உற்பத்தியாளர் எண்ணாக 8086 என்பதைக் காட்டும். கணினி தொடங்கும்போது இயங்குதளம் அவ்வெண்களைப் படித்து, தன்னிடமுள்ள டிரைவர் எனப்படும் இயக்கிகளுள் உரியதைத் தேடுகிறது. உரிய இயக்கி இல்லையெனில், அட்டை துளையில் உறுதியாக அமர்ந்திருந்தும் திரையில் ஒரே வாயில்தான் தோன்றும்.

விண்டோஸில் இயங்கிய அட்டை தீயரணிலும் இயங்கும் என்று எண்ணுதல் தவறு. பிஎஃப்சென்ஸும் ஓபிஎன்சென்ஸும் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மீது அமைந்தவை. ஐபிஃபயர் லினக்ஸின் மீது அமைந்தது. இவற்றின் இயக்கிகள் வெவ்வேறு. உதாரணமாக, ரியல்டெக் நிறுவனத்தின் 2.5 கிகாபிட் சில்லான ஆர்டிஎல்8125-க்கு லினக்ஸ் 5.4 பதிப்பு 2019-இலேயே ஆதரவு அளித்தது. 2021-இல் வெளிவந்த ஃப்ரீபிஎஸ்டி 13.0 பதிப்பின் அடிப்படைத் தொகுப்பிலோ அதற்கு இயக்கி இல்லை. தனியே ஒரு பொதியை நிறுவ வேண்டியிருந்தது.

மிகப் பழைய அட்டைகளுக்கு வேறொரு ஆபத்து உண்டு. பராமரிப்போர் குறைந்தமையால், என்இ2000 வகை உட்படப் பல பழைய அட்டைகளின் இயக்கிகள் ஃப்ரீபிஎஸ்டி 13.0-இல் நீக்கப்பட்டன. நேற்று வரை உழைத்த அட்டை, மென்பொருளைப் புதுப்பித்தவுடன் காணாமற்போவது இவ்வாறே.

வெளியே தெரியாத பிழைகள்

அட்டை அறவே இயங்காவிடில் குறை உடனே புலப்படும். இயங்குவது போல் தோன்றிப் பாரம் ஏறுகையில் தடுமாறும் அட்டையே அதிகத் தொல்லை தருவது. ஆர்டிஎல்8139 என்னும் மலிவான 100 மெகாபிட் சில்லு உலகெங்கும் பரவியது. அதன் அமைப்பு காரணமாக, அனுப்பும் தகவற் பொட்டலங்கள் பெரும்பாலானவற்றை இயக்கி நினைவகத்தில் மறுபடி நகலெடுத்து அடுக்க வேண்டியுள்ளது. அவ்வேலை முழுவதும் கணினியின் மையச் செயலி மீது விழுகிறது.

விலையுயர்ந்த சில்லும் பிழைக்கு விலக்கன்று. இன்டெலின் ஐ225 என்னும் 2.5 கிகாபிட் சில்லின் முற்பதிப்புகளில், பொட்டலங்களுக்கு இடையே இருக்க வேண்டிய இடைவெளி குறைந்துவிடும் குறை 2020-இல் தெரியவந்தது. சில ஸ்விட்சுகளுடனும் ரவுட்டர்களுடனும் இணைத்தபோது பொட்டலங்கள் இழக்கப்பட்டு வேகம் வீழ்ந்தது. வேகத்தை 1 கிகாபிட்டாகக் குறைத்து வைப்பதே தற்காலிகப் பரிகாரமாகக் கூறப்பட்டது. பிற்பதிப்பில் குறை நீக்கப்பட்டது.

இன்னொரு காரணம் அட்டையின் ‘உதவி’யே ஆகும். வந்து சேரும் பல சிறு பொட்டலங்களை ஒன்றாக்கிப் பெரிதாகக் கொடுக்கும் வசதி சில அட்டைகளில் உண்டு. இணையத்தைப் பார்வையிடும் கணினிக்கு இது நன்மை. தீயரணோ பொட்டலங்களை வந்தபடியே மறுபுறம் சேர்ப்பிக்கக் கடமைப்பட்டது. ஆகவே இவ்வசதியைத் தீயரணில் அணைத்து வைத்தல் வேண்டும். அதன்பின்னும் தடுமாற்றம் நீடித்தால், பொட்டலத்தின் சரிபார்ப்புத் தொகையை அட்டையே கணக்கிடும் வசதியையும் அணைத்துப் பார்க்கலாம்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, அட்டையை வாங்குமுன் சில்லின் பெயரைக் கேட்டறிந்து, தேர்ந்தெடுத்த மென்பொருளின் ஆதரவுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஒரே மாதிரிப் பெயரில் பின்னர் வேறு சில்லுடன் விற்பனை செய்யப்படுவதும் உண்டு.

இரண்டாவதாக, அட்டையைப் பொருத்தியபின், லினக்ஸில் ‘எல்எஸ்பிசிஐ’, ஃப்ரீபிஎஸ்டியில் ‘பிசிஐகான்ஃப்’ ஆகிய கட்டளைகளால் சில்லின் எண்களைக் கண்டுகொள்ளலாம்.

மூன்றாவதாக, எது உள்வாயில், எது வெளிவாயில் என்பதை ஊகித்து முடிவு செய்யலாகாது. கேபிளை ஒவ்வொன்றாகச் செருகி, எந்த வாயில் விழிக்கிறது என்று பார்த்துச் சீட்டு ஒட்டுதல் நலம்.

நான்காவதாக, தீயரணின் இருபுறமும் ஒவ்வொரு கணினியை வைத்து, ‘ஐபெர்ஃப்’ போன்ற கருவியால் இரு திசைகளிலும் சில மணி நேரம் தொடர்ந்து தகவல் அனுப்பிப் பார்க்க வேண்டும். முடிவில் வாயில்களின் பிழைக் கணக்கு ஏறியிருப்பின் முதலில் கேபிளை மாற்றுக. பின்னும் ஏறினால் அட்டையை மாற்றுக. யுஎஸ்பி வழியே இணைக்கும் அட்டைகளைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துவது உத்தமம்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். மாலைதோறும் தொடர்பு அறுந்துபோகும் தீயரணை யாரும் நெடுநாள் பொறுப்பதில்லை. பாடம் நடத்தும் அவசரத்தில் ஒருவர் அதன் கேபிளைப் பிடுங்கி, கணினியை நேரே மோடத்தில் செருகிவிடுவார். பாடம் தடையின்றி நடக்கும். காவல் போனதை யாரும் கவனியார். மோடம் வெறும் பாலமாக மட்டும் இயங்குமிடத்தில், அக்கணம் முதல் அக்கணினி உலகத்தார் அனைவர் முன்னும் திறந்து கிடக்கும். விதிகள் எவ்வளவு சிறப்பாக எழுதப்பட்டிருப்பினும், அவற்றைச் சுமந்து நிற்பது அச்சிறு அட்டையே என்பதை நினைவில் இருத்துதல் வேண்டும்.