பெயரோ, வினையோ?

ஆங்கிலத்திற் கடிதம் எழுதுவோர் பலர், சொல்லின் பொருளை நன்கறிந்திருந்தும், அச்சொல் அவ்விடத்துப் பெயராய் நிற்கின்றதா, வினையாய் நிற்கின்றதா என நோக்காமையால் இடர்ப்படுகின்றனர். ஆங்கிலச் சொற்களுட் பல உருவம் மாறாமலே இருதொழிலும் செய்வன. நம்மொழிக்கும் இஃது அயலன்று. 'அடி விழுந்தது' என்புழி 'அடி' முதனிலைத் தொழிற்பெயர்; 'பந்தை அடி' என்புழி அதுவே ஏவல் வினை.

வேற்றுமையை ஏற்பது பெயர், காலங்காட்டுவது வினை என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு நாம் கற்றுவருவது. அதனையே ஆங்கிலத்துக்கும் உரைகல்லாகக் கொள்ளலாம்.

விடுமுறை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். 'ஐ றிக்குவெஸ்ற் போர் லீவ்' என எழுதுவோர் மிகப்பலர். ஈண்டு 'றிக்குவெஸ்ற்' வினை. செயப்படுபொருள் அதனை நேரே தொடரும். 'ஐ றிக்குவெஸ்ற் லீவ்' என்பதே அமையும். 'எ றிக்குவெஸ்ற் போர் லீவ்' எனப் பெயராய் வரும்போதே 'போர்' வேண்டப்படும். தமிழும் இவ்வாறே. வினையோடு 'விடுமுறையைக் கோருகின்றேன்' என ஐயுருபு வரும். பெயரோடு 'விடுமுறைக்கான கோரிக்கை' எனக் குவ்வுருபு வரும். 'விடுமுறைக்குக் கோருகின்றேன்' என எழுதினால் ஏழாம் வகுப்பு மாணவனும் நகைப்பான். ஆங்கிலத்தில் அதனையே எழுதிவிட்டுத் தமிழில் நினைத்தமையாற் பிழை நேர்ந்தது எனத் தமிழின்மேற் பழிசுமத்துதல் நீதியன்று; தமிழில் நினைத்திருந்தாற் பிழையே நேர்ந்திராது! 'டிஸ்கஷன்' என்னும் பெயர் 'எபௌட்' என்பதை ஏற்பதும், 'டிஸ்கஸ்' என்னும் வினை அதனை ஏலாமையும் இவ்வகையினவே.

இதனினும் நுண்ணியது 'ரு' என்னுஞ் சிறுசொல். 'ஐ வோன்ற் ரு சீ யூ' என்பதில் அது 'காண' என்னுஞ் செயவெனெச்சத்து அகரவிகுதிபோல வினையைச் சார்ந்து நிற்கும். 'ஐ லுக் போர்வேட் ரு சீயிங் யூ' என்பதிலோ அது வேற்றுமையுருபின் தொழிலைச் செய்கின்றது. உருபு பெயரையே வேண்டுமாதலின், 'காண்' என்பது தல்விகுதி பெற்றுக் 'காண்டல்' ஆவதுபோல, 'சீ' என்பது 'சீயிங்' ஆகின்றது. ஐயம் நேரின், 'ரு'வின் பின் ஒரு பொருட்பெயரை வைத்துப் பார்க்க. 'ஐ லுக் போர்வேட் ரு யுவர் லெற்றர்' என்பது பொருந்தும். ஆகவே அங்கே 'இங்' வேண்டும். 'ஐ வோன்ற் ரு யுவர் லெற்றர்' என்பது பொருந்தாது. ஆகவே வினையின் முதனிலையே போதும்.

சில இடங்களிற் பொருளே தலைகீழாகும். 'ஐ ஆம் யூஸ்ட் ரு றைசிங் ஏர்லி' என்பான் அதிகாலையில் எழுந்து பழகியவன். 'ஐ யூஸ்ட் ரு றைஸ் ஏர்லி' என்பான் அவ்வழக்கத்தைக் கைவிட்டவன். நேர்முகத் தேர்விலே பின்னதைச் சொல்லிவிட்டு வேலையை எதிர்பார்த்தல் எங்ஙனம்?

எழுத்தளவில் வேறுபடுவன சில. 'அட்வைஸ்' பெயராயின் 'சீ' எழுத்தும், வினையாயின் 'எஸ்' எழுத்தும் பெறும். ஒலியிலும் வேறுபாடுண்டு, வினையின் ஈற்றொலி தமிழில் இன்மையால் நம் செவிக்கு அது எளிதிற் புலப்படுவதில்லை. 'பிறாக்ரிஸ்', 'லைசென்ஸ்' என்பவற்றுக்கும் பிரித்தானிய எழுத்துமுறை இதுவே. ஆனால் அவற்றில் ஒலிவேறுபாடு ஆங்கிலேயர்க்கும் இல்லை. பெயர்கள் 'சீ' பெறும் என்பதை நினைவிற்கொள்ள, 'அட்வைஸ்' என்னும் பெயரின் ஈற்றெழுத்துக்கள் மூன்றும் பனிக்கட்டியைக் குறிக்கும் 'ஐஸ்' என்னும் பெயராதலைக் காண்க. அமெரிக்கரோ 'பிறாக்ரிஸ்' என்பதை ஈரிடத்தும் 'சீ' கொண்டும், 'லைசென்ஸ்' என்பதை ஈரிடத்தும் 'எஸ்' கொண்டும் எழுதுவர். கணினியின் பிழைதிருத்தி அவர்தம் முறையில் அமைந்திருப்பின், நாம் சரியாக எழுதியதையும் பிழையெனக் கோடிட்டுக் காட்டக்கூடும், அதற்கஞ்சித் திருத்தற்க.