மோட்டார் மீது பழி போடுமுன்

தம்பி கால் நீட்டி ஓட்டப் பின்னால் தள்ளிய கார் இருக்கை, அப்படியே நின்றுவிட்டது. அம்மாவுக்குப் பிரேக் எட்டவில்லை. மறுநாள் வேலைக்கு எப்படிப் போவார்? “மோட்டார் போச்சு, 900 வெள்ளி” என்றார்கள் ஒரு பட்டறையில்.

நானே பார்த்தேன். பியூஸ் நன்றாக இருந்தது. சுவிட்சை அழுத்தினேன். மோட்டார் முனகினால் தண்டவாளத்தில் ஏதோ சிக்கியிருக்கும். எங்களுடையதில் சத்தமே இல்லை. மல்டிமீட்டர் வைத்தால், இருக்கைக்கு 12 வோல்ட் வரவேயில்லை. டார்ச் அடித்தேன்: அடியிலிருந்த வயர் இணைப்பில் பச்சைக் களிம்பு. ஈரக் குடையை அங்கேதான் போடுவோம்!

பேட்டரி வயரைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, சுத்தம் செய்து மாட்டினேன். இருக்கை நகர்ந்தது. செலவு, ஒரு டின் கிளீனர்.

ஒரு எச்சரிக்கை: அங்குள்ள மஞ்சள் இணைப்பு காற்றுப்பைக்கு உரியது. அதை மட்டும் தொடாதீர்கள்.