கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு எவ்வளவு தூரம்?



1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நமது உறவினர் பலர் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியா போனார்கள். திருச்சி, கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அவர்கள் பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறார்கள். கல்யாணம், கருமாதி என்று தகவல் வந்தால் இன்று நாம் பெரும்பாலும் விமானத்தில்தான் போகிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு தாய், தன் அண்ணனின் சாவுக்குப் புறப்பட்டார். "ஒரு மணித்தியாலத்துல போயிடலாம்" என்று யாரோ சொன்னதை நம்பி, அதிகாலையில் தோட்டத்தை விட்டார். விமான நிலையம் போய்ச் சேரும்போது கவுண்டர் மூடியாச்சு. அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்கவில்லை. இப்படி இன்னொருவருக்கு நடக்கக்கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு நேர்கோட்டில் சுமார் 415 கி.மீ. மதுரைக்கு சுமார் 350 கி.மீ. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்குமே, அரை மணித்தியாலம் போதாதா என்று கேட்பீர்கள். அந்த வேகம் உயரே போன பிறகுதான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, மேலே ஏற, மெதுவாக இறங்க, நிறுத்துமிடம் வந்து சேர எல்லாவற்றுக்கும் நேரம் பிடிக்கும். டிக்கட்டில் போட்டிருப்பது இவை எல்லாம் சேர்ந்த நேரம். அதனால்தான் தூரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நேரம் பெரிதாக மாறுவதில்லை.

தரைப் பயணம் அப்படியல்ல. பதுளைக்கும் கட்டுநாயக்கவுக்கும் காகம் பறக்கிற தூரம் சுமார் 130 கி.மீ.தான். ஆனால் நமது பாதை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. கொழும்புக்கு மட்டும் சுமார் 230 கி.மீ. அங்கிருந்து கட்டுநாயக்கவுக்கு இன்னும் 30 கி.மீ.க்கு மேல். எல்லாமாக எட்டு மணித்தியாலம் என்று வையுங்கள்.

இனி கணக்கைப் பின்னாலிருந்து போடுவோம். விமானம் காலை 10 மணிக்கு என்றால், மூன்று மணித்தியாலம் முந்தி, 7 மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அப்படியானால் பதுளையை முதல்நாள் இரவு 11 மணிக்கு விட வேண்டும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் இரவு 9 மணி. மழை, மண்சரிவு, பஸ் பழுது என்று நாலு மணித்தியாலம் கையில் வைத்துக்கொண்டால், முதல்நாள் பின்னேரம் 5 மணிக்கே புறப்படுவதுதான் புத்தி. 2025 நவம்பர் தித்வா புயலில் மலையகத்துக் கோச்சிப் பாதை மோசமாகச் சேதமானது. கோச்சியில் போக நினைப்பவர்கள் முன்கூட்டியே ஸ்டேஷனில் விசாரியுங்கள்.

டிக்கட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். 2006 ஏப்ரலிலிருந்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். ஆகவே இந்தப் பயணத்தில் குழப்பமில்லை. ஆனால் டுபாய் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால், குவைத்தும் சவூதியும் இரண்டரை மணித்தியாலம் பின்னால். பிள்ளைகள் அங்கிருந்து போன் எடுக்கும் நேரத்தையும் இப்படியே கணக்குப் பாருங்கள்.

சாவுச் செய்தி சொல்லிக்கொண்டு வராது. கடவுச்சீட்டை இப்போதே எடுத்து வையுங்கள். விசா விபரம், பயணக் கணக்கு எதுவானாலும், டிக்கட் வாங்குமுன் நலன்புரி அலுவலகத்துக்கு ஒருமுறை வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.