அரியலூரின் பழைய படங்களைத் திறக்கும் நிரல்

1995-ம் ஆண்டு திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. இன்றைய அரியலூரும் அப்போது அதற்குள்தான் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 28-ம் தேதி, கஜகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து ஒரு ரஷ்ய ராக்கெட், ஐ.ஆர்.எஸ்.-1சி என்ற இந்தியச் செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு கிளம்பியது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதன் தம்பி ஐ.ஆர்.எஸ்.-1டி, நம் சொந்த பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. இவற்றின் கறுப்பு வெள்ளைக் கேமரா, தரையில் 5.8 மீட்டர் அகலமுள்ள பரப்பைத் தனியாகப் பிரித்துக் காட்டும். 1999-ல் அமெரிக்காவின் இகோனாஸ் வரும்வரை, பொதுப் பயன்பாட்டுக்கான டிஜிட்டல் செயற்கைக்கோள் படங்களில் அதைவிடக் கூர்மையானது கிடையாது.

அந்தப் படங்களில் நம் ஊரும் இருக்கிறது. அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டி ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் ஏரி, பறவைகள் வந்து இறங்கும் கரைவெட்டி ஏரி என எல்லாமே மேலிருந்து பதிவாகியிருக்கின்றன. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் கடலடியில் படிந்த சிப்பிகளும் சுண்ணாம்பும்தான் இன்று கல்லங்குறிச்சிப் பக்கம் வெட்டி எடுக்கப்பட்டு சிமெண்ட் ஆகின்றன. 1979-ல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. தனியார் ஆலைகளும் வரிசையாக வந்தன. எந்த ஆண்டில் எந்தப் பள்ளம் எவ்வளவு விரிந்தது, எந்த ஏரி எவ்வளவு சுருங்கியது என்று கேட்டால், கட்சி சாராத சாட்சி இந்தப் படங்கள்தான்.

சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதில்தான் சிக்கல். இந்தப் படங்கள் பதிவான அந்தக் காலத்துக் குறுந்தகட்டை இன்றைய கணினியில் போட்டு, உள்ளே இருக்கும் கோப்பைச் சொடுக்கினால் படம் வராது. கோப்பு கெட்டுப்போயிருக்க வேண்டியதில்லை. அதைப் படிக்கும் முறை அந்த மென்பொருளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

படக் கோப்பு என்பது அடிப்படையில் எண்களின் நீண்ட வரிசை. ஐ.ஆர்.எஸ்.-1சி-யின் லிஸ்-3 என்ற வண்ணக் கேமரா ஒரே வீச்சில் 141 கிலோமீட்டர் அகலத்தைப் பார்க்கும். ஒரு பிக்சல் 23.5 மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு வரிக்கு 6,000 பிக்சல். ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரி, அது முடிந்ததும் அதற்கடுத்தது என்று எண்கள் இடைவெளியே இல்லாமல் தொடர்ந்துகொண்டே போகும். ஒரு வரி எங்கே முடிகிறது என்று அந்த எண்களுக்குள் எந்த அடையாளமும் கிடையாது. மென்பொருள் ஒரு வரிக்கு 6,000 என்பதற்குப் பதில் 5,999 என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? முதல் வரி சரியாக வரும். இரண்டாவது வரி ஒரு பிக்சல் தள்ளிப்போகும், மூன்றாவது இரண்டு பிக்சல். பெரம்பலூர் வழியாகச் செல்லும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலை படம் முழுக்கச் சாய்ந்து, கடைசி வரிக்கு வரும்போது மறுகோடிக்கே போயிருக்கும்.

இன்னொரு தவறு இதைவிட மோசமானது, ஏனென்றால் அது கண்ணில் படாமலும் போகலாம். 255-க்கு மேற்பட்ட எண்ணை எழுத ஒரு பைட் போதாது, இரண்டு வேண்டும். 500 என்ற எண்ணை 1, 244 என்று இரண்டு பைட்டுகளாக எழுதலாம்: ஒன்றை 256-ஆல் பெருக்கி 244-ஐக் கூட்டினால் 500. சில கணினிகள் பெரிய பாதியை முதலில் எழுதும், சில கணினிகள் சிறிய பாதியை முதலில் எழுதும். வரிசை மாறிப் படித்தால் அதே 500 என்பது 62,465 ஆகிவிடும். 10,000 என்ற எண் நூறு சதவீத ஒளிப் பிரதிபலிப்பைக் குறிக்கும் ஒரு படத்தில் இப்படி நடந்தால், ஏரித் தண்ணீர் தன்மேல் விழும் வெயிலைப்போல் ஆறு மடங்கைத் திருப்பி அனுப்புவதாக அர்த்தமாகும். டிஃப் என்ற பட வடிவத்தை வகுத்தவர்கள் இதற்காகவே கோப்பின் முதல் இரண்டு எழுத்துகளை ஒதுக்கினார்கள். ‘ஐஐ’ என்று இருந்தால் இன்டெல் முறை, ‘எம்எம்’ என்று இருந்தால் மோட்டோரோலா முறை. அதையடுத்து 42 என்ற எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது டிஃப் கோப்பே இல்லை என்று மென்பொருள் முடிவுகட்டிவிடும்.

இப்படி உலகில் எத்தனை வடிவங்கள்! ஒவ்வொரு நாட்டு விண்வெளி அமைப்பும், ஒவ்வொரு நிறுவனமும், ஒவ்வொரு கேமராவும் தனித்தனி வடிவம் வைத்திருந்தன. வரைபட மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒவ்வொருவரும் இத்தனையையும் படிக்கும் நிரலைத் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தால் காலம் போதாது. 1998-ல் கனடாவைச் சேர்ந்த ஃப்ராங்க் வார்மர்டாம் இதற்கு ஒரு வழி கண்டார். ஜிடால் என்று அழைக்கப்படும் கட்டற்ற நிரல் நூலகத்தை அவர் தொடங்கினார். படக் கோப்பைத் திறக்கும் வேலை முழுவதும் இந்த நூலகத்துடையது. அதைப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு உள்ளே என்ன வடிவம் என்பதே தெரிய வேண்டாம். அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, இந்த இடத்து எண் இவ்வளவு என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். 2002-ல் கேரி ஷெர்மன் தொடங்கிய கியூஜிஸ் முதல் இன்று கல்லூரி ஆய்வகங்களில் ஓடும் பல மென்பொருள்கள் வரை இதன்மேல்தான் நிற்கின்றன. இப்போது இதைப் பேணுவதில் முன்னிற்பவர் பிரான்ஸைச் சேர்ந்த ஈவன் ரூவோ.

இந்த நூலகத்துக்குப் புதிதாக ஒரு வடிவத்தைக் கற்றுக்கொடுக்க, அதற்கென்று ஒரு சிறு நிரல்பகுதி எழுத வேண்டும். டிரைவர் என்பார்கள். அதற்கு முக்கியமாக மூன்று வேலைகள். முதலாவது, அடையாளம் காண்பது. பயனர் ஒரு கோப்பைக் கொடுத்ததும் நூலகம் அதன் தொடக்கப் பகுதியை எடுத்து, தன்னிடம் பதிவான டிரைவர்களிடம் வரிசையாக ‘இது உன்னுடையதா?’ என்று கேட்கும். அவசரப்பட்டு ‘ஆம்’ என்று சொல்லும் டிரைவர், மற்றவருடைய கோப்பையும் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே அடையாளச் சோதனை கறாராக இருக்க வேண்டும். இரண்டாவது, படத்தின் அளவு, எத்தனை அலைப்பட்டைகள் (ஒவ்வொரு வகை ஒளிக்கும் ஒரு தனிப் பதிவு), பூமியில் எந்த இடம் என்ற விவரங்களை எடுத்துச் சொல்வது. மூன்றாவது, கேட்ட பகுதியின் எண்களை மட்டும் படித்துக் கொடுப்பது. அரியலூர் வட்டத்தைப் பார்க்க விரும்புகிறவருக்காக 141 கிலோமீட்டர் படத்தையும் நினைவகத்தில் ஏற்ற வேண்டியதில்லை.

நம் ஐ.ஆர்.எஸ். படங்களுக்கும் அப்படியொரு டிரைவர் கிடைத்தது. அந்தப் படங்களை வெளிநாடுகளில் விற்றது ஈயோசாட் என்ற அமெரிக்க நிறுவனம். அதன் பெயரிலேயே ‘ஈயோசாட் ஃபாஸ்ட்’ என்றொரு கோப்பு வடிவம் உண்டு. ஹைதராபாத்தில் இருந்த தேசியத் தொலையுணர்வு முகமையும் இந்த வடிவில் படங்களை வழங்கியது. ஆந்த்ரே கிஸெலெவ் என்ற நிரலாளர் ஜிடால் நூலகத்துக்காக இதைப் படிக்கும் டிரைவரை எழுதினார். வடிவம் பார்க்க எளிமையானது. ஒரு தலைப்புக் கோப்பில், படம் எடுத்த தேதி, செயற்கைக்கோளின் பெயர், வரிகளின் எண்ணிக்கை ஆகியவை சாதாரண எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு அலைப்பட்டைக்கும் தனித்தனி எண் கோப்பு. தலைப்புக் கோப்பின் குறிப்பிட்ட இடத்தில் ‘படமெடுத்த தேதி’ என்பதற்கான ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் டிரைவர் அதை அடையாளம் காண்கிறது.

அதற்குப் பிறகுதான் தலைவலி. ஐ.ஆர்.எஸ். படங்களின் தலைப்புக் கோப்பில் எல்லா விவரமும் இருக்கும், எண் கோப்புகளின் பெயர் மட்டும் இருக்காது! விநியோகித்தவர்கள் ஆளுக்கொரு விதமாகப் பெயர் வைத்தார்கள். ஆகவே டிரைவர் ஊகிக்கிறது. தெரிந்த பெயரிடும் முறைகள் சிலவற்றை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கும். எந்த அலுவலகத்திலாவது ஒருவர் நல்லெண்ணத்தோடு கோப்பின் பெயரை ‘அரியலூர் புதியது’ என்று மாற்றி வைத்திருந்தால், டிரைவர் கைவிரித்துவிடும். வடிவத்தை வகுத்தபோது ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் இத்தனை ஊகம் தேவைப்பட்டிருக்காது. இந்த இடத்தில் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

புதிய படங்களுக்கு வேறு வகைச் சிக்கல். 2015-ல் ஐரோப்பிய விண்வெளி முகமை அனுப்பிய சென்டினல்-2ஏ, 2017-ல் அதனுடன் சேர்ந்த 2பி ஆகிய இரண்டும் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஓர் இடத்தைப் படமெடுக்கத் தொடங்கின. ஒரு பிக்சல் 10 மீட்டர். படங்கள் யாருக்கும் இலவசம். ஒரு துண்டுக்கு நீளவாக்கில் 10,980, அகலவாக்கில் 10,980 பிக்சல். ஓர் அலைப்பட்டைக்கு மட்டும் சுருக்காமல் வைத்தால் சுமார் 24 கோடி பைட். அதனால் ஜேபெக் 2000 என்ற வடிவில் சுருக்கித் தருகிறார்கள். நம் கைப்பேசிப் படங்களின் வழக்கமான ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது. ஜேபெக் 2000 சிற்றலைக் கணிதத்தைப் பயன்படுத்துகிறது. 16 பிட் எண்களையும் கையாளும். முழுப் படத்தையும் விரிக்காமலே அதன் சிறு வடிவத்தை மட்டும் எடுக்கலாம்.

ஆனால் அதை விரிக்கும் நிரல் எழுதுவது கடினம். வேகமான நிரல்கள் பணம் கொடுத்து வாங்க வேண்டியவையாக இருந்தன. கட்டற்ற நிரல்கள் மெதுவாக ஓடின. பெல்ஜியத்தின் லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ஓப்பன்ஜேபெக் நூலகம் 2017-ல் வெளியிட்ட பதிப்புகளில்தான் பல செயலிகளை ஒரே நேரத்தில் பயன்படுத்தவும், கேட்ட பகுதியை மட்டும் விரிக்கவும் வசதி வந்தது. அதில் பெரும்பங்கு அதே ஈவன் ரூவோவின் உழைப்பு. சாதாரண மடிக்கணினி வைத்திருக்கும் ஒரு மாணவர் ஜெயங்கொண்டத்தில் உட்கார்ந்து இந்தப் படங்களைப் பார்க்க முடிவதற்கு, முகம் தெரியாத இவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

வடிவம் மாறாமலே எண்ணின் பொருள் மாறுவதும் உண்டு. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களின் எண்களில் 1,000 கூட்டித் தருகிறார்கள். கழித்துக்கொள்ளச் சொல்லும் குறிப்பு கூடவே வரும் விவரக் கோப்பில் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் 2021-ன் படத்தையும் 2022-ன் படத்தையும் ஒப்பிட்டவருக்கு, ஊரே ஒரே நாளில் வெளுத்துப்போனதுபோல் தோன்றும்.

புதிய வடிவத்தைச் சேர்ப்பதில் ஆபத்தும் இருக்கிறது. யாரோ அனுப்பிய கோப்பு சொல்லும் அளவுகளை அப்படியே நம்பி நினைவகத்தில் எழுதினால், கெட்ட நோக்கத்தோடு செய்யப்பட்ட ஒரு படம் கணினியையே கைப்பற்றிவிடலாம். 2023 செப்டம்பரில் வெப்பி என்ற வடிவிலுள்ள படங்களை விரிக்கும் நூலகத்தில் அப்படியொரு ஓட்டை தெரியவந்து, உலகின் முக்கிய உலாவிகள் அனைத்தும் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டன. அதனால்தான் ஜிடால் போன்ற நூலகங்களின்மேல் தாறுமாறான கோப்புகளைத் தானியங்கியாக ஏவிச் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள். பராமரிக்க ஆளில்லாத பழைய டிரைவர்களை அவ்வப்போது நீக்கவும் செய்கிறார்கள். நீக்கம் நியாயமானதுதான். ஆனால் நீக்கப்படும் வடிவத்தில் யாருடைய ஊர்ப் படம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. பயன்படுத்துகிறவர்கள் குரல் கொடுத்தால்தான் தெரியும்.

இத்தனை பாடுபட்டுத் திறந்தால் என்ன கிடைக்கும்? 2024 ஜனவரியில் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற கரைவெட்டியை எடுத்துக்கொள்வோம். பரப்பளவு சுமார் 453.7 ஹெக்டேர். லிஸ்-3 படத்தில் அது ஏறத்தாழ 8,200 பிக்சல். சென்டினல் படத்தில் 45,000-க்குக் கொஞ்சம் அதிகம். அருகு அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும், செடி கொடிகள் பலமாகத் திருப்பி அனுப்பும். ஆகவே அந்த அலைப்பட்டையில் கறுத்துத் தெரியும் பிக்சல்களை எண்ணினாலே நீர்ப்பரப்பு கிடைத்துவிடும். இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில் ஒரே மாதத்தில் எடுத்த இரண்டு படங்களை இப்படி எண்ணலாம். கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழிகளிலும் மழைநீர் தேங்கிக் கறுப்பாகத் தெரியும் என்பதால், ஏரியையும் குழியையும் பிரித்தறிய ஊரைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. அந்த அறிவு ஹைதராபாத்திலோ பாரிஸிலோ இருக்காது.

பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகளில் கணினியியலும் நிலவியலும் படிக்கும் மாணவர்களுக்கு இதில் உடனே செய்யக்கூடிய வேலை இருக்கிறது. ஜிடாலின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. சோதனைக்காகச் சின்னச் சின்ன மாதிரிக் கோப்புகளை அதனுடன் வைத்திருக்கிறார்கள். புதிய பெயரிடும் முறை ஒன்றைச் சேர்க்க மாதிரிக் கோப்பும் சில வரி நிரலும் போதும். அரசுத் துறைகளும் இனி வரைபடமோ படமோ வழங்கும்போது, பூமியில் எந்த இடம் என்ற விவரத்தையும் சேர்த்துச் சுமக்கும் ஜியோடிஃப் போன்ற திறந்த வடிவில், வடிவ விளக்கக் குறிப்புடன் வழங்க வேண்டும். உங்கள் துறை அலமாரியில் பழைய ஐ.ஆர்.எஸ். குறுந்தகடு இருந்தால் இந்த வாரமே அதை நகலெடுத்து வையுங்கள். தலைப்புக் கோப்பை விட்டுவிடாதீர்கள், எந்தக் கோப்பின் பெயரையும் மாற்றாதீர்கள்.