தேமலுக்குள் ஒரு முத்துச்சரம்

தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரம் பக்கம் பிள்ளையின் கன்னத்தில் வெளிறிய தேமல் தெரிந்தால், "வயித்துல பூச்சி இருக்கும்" என்று ஆச்சி சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது தானாகவே மறைந்தும்விடும். நான் சொல்ல வருவது வேறொரு வெளுப்பை. இடுப்பில், பிட்டத்தில், தொடையின் உட்புறத்தில் வரும். அரிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வருடக்கணக்கில்கூட அப்படியே கிடக்கும். உப்பளத்து வெயில் படுகிற முகத்தையும் கையையும் விட்டுவிட்டு, சேலையும் சாரமும் மறைக்கிற இடங்களிலேயே பெரும்பாலும் தொடங்கும். வெட்கத்தில் யாரிடமும் காட்டாமலே காலம் ஓடிவிடும்.

அதன் பெயர் மைக்கோசிஸ் ஃபங்காய்டஸ். தோலில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். ஆனாலும் மொத்தத்தில் அரிய நோய். 1806-ல் பாரிஸ் மருத்துவர் அலிபேர், ஒரு நோயாளியின் உடலில் காளான் காளானாக முளைத்திருந்த கட்டிகளை விவரித்தார். பெயரில் பூஞ்சை ஒட்டிக்கொண்டது அப்படித்தான். பூஞ்சைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கிருமிகளை எதிர்க்க வேண்டிய டி வெள்ளையணுக்கள் கட்டுமீறிப் பெருகித் தோலில் குடியேறுவதே நோய். தொற்றாது. வெள்ளைத் தோலில் சிவந்த படையாக வருவது, நம் மாநிறத்திலும் கறுப்பிலும் வெளுப்பாக வருவதுண்டு, சிறுவர்களுக்கும் இளவயதினருக்கும்கூட.

வெளுப்பு என்றதும் நம் வீடுகளில் முதலில் வரும் பயம் தொழுநோய். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி மழுங்கும். இதில் பொதுவாக மழுங்காது. வெண்புள்ளி சுண்ணாம்பு பூசியதுபோல் பளீரென்றிருக்கும்; இது மங்கலான வெளுப்பு. ஆனாலும் கண்ணை மட்டும் நம்பிச் சொல்லிவிட முடியாது. மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் தோலை எடுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

இளஞ்சிவப்பாகத் தோலின் மேலடுக்கு தெரியும். அதன் அடிவரிசையை ஒட்டி, கருநீலமாகச் சாயமேறிய டி அணுக்கள் ஒன்றையடுத்து ஒன்றாக, சுற்றிலும் மெல்லிய வெண்வளையத்தோடு நிற்கும். நோய்க்குறியியல் மருத்துவர்கள் இதற்குச் சொல்லும் உவமை முத்துச்சரம். முத்துக் குளித்த கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அணுவின் உட்கருவோ மூளை மடிப்பைப்போலச் சுருண்டு கிடக்கும்.

ஆரம்பத்தில் இந்த அடையாளங்கள் அவ்வளவு தெளிவாக இருக்காது. முதல் பயாப்ஸியில் சாதாரண அழற்சி என்று வந்து, இரண்டாவதிலோ மூன்றாவதிலோ பிடிபடுவது அடிக்கடி நடக்கிறது. அதற்குள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு ட்யூபைத் தடவிக்கொண்டே இருந்தால், நோய் போகாமலே தடயம் கலைந்துபோகும். என் கவலையெல்லாம் இந்த ட்யூபைப் பற்றித்தான். மறைவிடத்தில் சில மாதங்களாக மாறாத வெளுப்பு இருந்தால், ட்யூபைத் தொடாமல் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கவனிக்காமல் விட்டால் சிலருக்குத் திட்டு தடித்து, கட்டியாகி, நிணநீர்க் கணுக்களுக்கும் பரவும். ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலோர் மற்றவர்களைப்போலவே ஆயுளோடு வாழ்கிறார்கள்.

வெயில் படாத இடத்து நோய்க்கு ஒளிதான் மருந்து. அளந்து பாய்ச்சும் புற ஊதாக் கதிர். அதோடு சில சமயம் கொடுக்கும் சோரலென் மாத்திரையின் பெயர், நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசிச் செடியின் பழைய அறிவியல் பெயரிலிருந்து வந்தது. அதற்காகக் கார்போகரிசியை வாங்கி அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்காதீர்கள். தோல் வெந்து கொப்பளிக்கும். முறையான சிகிச்சையில் சில மாதங்களில் நிறம் திரும்பத் தொடங்கும். அதே இடம் பின்னால் மறுபடி வெளுத்தால், நோய் திரும்புகிறதோ என்று மருத்துவர் இன்னொரு முறை தோலை எடுத்துப் பார்ப்பார்.