கன்னி மூலையில் ஆரம்பிக்குது கணக்கு!

நாமகிரிப்பேட்டை என்றால் மஞ்சள் ஏலம். செவ்வாய்க்கிழமை ஆனால் விரலி, உருண்டை, பனங்காளி என்று மூட்டை மூட்டையாகக் கைமாறும். அதை யார் வேண்டுமானாலும் வேடிக்கை பார்க்கலாம். நாம் இன்று நைசாக நுழைந்திருப்பது, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு கூத்துக்குள்: மானாவாரிக் கடலைக்காட்டில், பயிர்க் காப்பீட்டுக்காக விளைச்சலை அளக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாருங்கள், செம்மண் ஒட்டினால் லேசில் போகாது.

வேப்பமரத்தடியில் சாமான்கள் குவிந்து கிடக்கின்றன. டேப், நைலான் கயிறு, நாலு முளைக்குச்சி, தொங்கு தராசு, கிழிசல் தார்ப்பாய், யாரோ கொண்டுவந்த மோர்த் தூக்கு. புள்ளியியல் ஆய்வாளர் அம்மா படிவத்தைத் தொடைமேல் வைத்து எழுதுகிறார். காப்பீட்டு நிறுவனத்துத் தம்பி செல்போனைத் தலைக்குமேல் தூக்கி சிக்னல் தேடுகிறார். படமும் இடமும் செயலியில் ஏறினால்தான் வேலை நடந்ததாகக் கணக்கு.

காட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "இந்தப் பக்கம் வாங்கம்மா, காய் நல்லாப் புடிச்சிருக்குது" என்று கூப்பிடுகிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அவர் காதில் கிசுகிசுக்கிறார்: "ஏனுங்க, காய் கம்மியா வந்தாத்தானே காசு வரும்?" காட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெள்ளாமையைக் காட்டிப் பெருமைப்படவும் ஆசை, இழப்பீட்டுக்கும் ஆசை.

அம்மா இரண்டையும் காதில் வாங்கவில்லை. இந்த சர்வே எண்ணைத் தேர்ந்தெடுத்ததே குலுக்கல் எண்கள்தான். காட்டுக்குள் எந்த இடம் என்பதற்கும் அதே குலுக்கல். தென்மேற்கு மூலையில் நின்று, நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி. "அட, கன்னி மூலைங்களா? அப்ப நல்லாத்தான் வரும்!" என்கிறார் காய் ஆய வந்த பாட்டி. எல்லோரும் சிரித்தாலும் குச்சி விழுவது குலுக்கல் சொன்ன இடத்தில்தான். 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம். குறுக்கே டேப் பிடித்தால் 7.07 மீட்டர் வரவேண்டும். வரவில்லை. பிடுங்கி மறுபடி நடுகிறார்கள்.

கயிற்றின்மேல் நிற்கும் செடி உள்ளேயா, வெளியேயா? இதற்கே பெரிய பஞ்சாயத்து. சில்லறைச் சண்டை என்று நினைக்காதீர்கள். சுதந்திரக் காலத்தை ஒட்டிப் புள்ளியியல் மேதைகள் மகலநோபிஸும் சுகாத்மேயும் மோதிக்கொண்டதே இதைச் சுற்றித்தான். சதுரம் சிறிதானால் ஓரத்துச் செடிகள் உள்ளே இழுபட்டு, விளைச்சல் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும் என்பது சுகாத்மேயின் வாதம்.

செடி பிடுங்கியாயிற்று. தார்ப்பாயைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்கிறார்கள். முதுகில் வேர்வை, வாயில் ஊர்க்கதை. நடுவே ஒரு பொடியன் பச்சைக் காய் ஒன்றை உடைத்து வாயில் போடப் போகிறான். "டேய், வை கீழ!" என்று ஆய்வாளர் அம்மா போட்ட சத்தத்தில் காக்கை பறந்தது. காரணம் இருக்கிறது. இந்த 25 சதுர மீட்டர், ஒரு ஹெக்டேரில் 400-ல் ஒரு பங்கு. இங்கே ஒரு கிலோ குறைந்தால் காகிதத்தில் ஹெக்டேருக்கு 400 கிலோ குறையும்.

சில கிராமங்கள் சேர்ந்தது ஒரு பிர்கா. பிர்கா அளவில் அறிவித்த பயிருக்குக் குறைந்தது 10 பரிசோதனை. அதன் சராசரிதான் பிர்கா முழுவதற்கும் விளைச்சல். கடந்த 7 வருஷத்தில் நன்றாக விளைந்த 5 வருஷத்தின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை எல்லைக்கோடாக வைக்கிறார்கள். கோடு 100 கிலோ, விளைந்தது 70 என்றால், 30,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்தவருக்கு 9,000. ஒருவர் காடு மட்டும் காய்ந்து, பிர்கா தழைத்திருந்தால் அவருக்கு ஒன்றும் இல்லை. பரிசோதனைச் சதுரங்களில் காய் குறைந்தால்தான் காசு என்பதால், பக்கத்துத் தோட்டத்துக்காரரின் முணுமுணுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை.

இந்தத் தராசு எண் பிறகு எங்கே போகிறது? காப்பீட்டு நிறுவனத்தின் ஆக்சுவரி மேசைக்கு. மழையும் விபத்தும் மரணமும் எவ்வளவு செலவு வைக்கும் என்று கணக்குப் போடுவதே அவர் தொழில். அவர் சொல்லும் பிரீமிய விகிதம் காப்பீட்டுத் தொகையில் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். காரீஃப் பருவக் கடலைக்கு விவசாயி கட்டுவது 2 சதவீதம்தான். மீதி 8-ஐ மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதியாகப் போடுகின்றன. அரசு கஜானாவிலிருந்து எத்தனை கோடி போக வேண்டும் என்பதற்கு அடிப்படையே அவர் எழுதும் அந்த ஒற்றை எண்தான்.

முன்பு இப்படி இல்லை. 1999-ல் வந்த தேசிய வேளாண் காப்பீட்டில் உணவுப் பயிர்களுக்கு பிரீமியத்தை மலிவாக வைத்துவிட்டு, இழப்பு வந்தபின் அரசு காசு தேடியது. 2016-ல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில் ஆக்சுவரி விகிதம்தான் அடிப்படை, மானியமும் முன்கூட்டியே கட்டும் பணம். 2020-ல் மத்திய அரசு தன் பங்குக்குக் கடிவாளம் போட்டது: மானாவாரிக்கு 30 சதவீத விகிதம், பாசனப் பயிருக்கு 25 சதவீதம் வரைதான் மானியம் தரும். 1920-லேயே மைசூரில் மழையை வைத்துப் பயிர்க் காப்பீடு செய்யலாம் என்று புத்தகம் எழுதிய ஜே.எஸ். சக்கரவர்த்தி இதையெல்லாம் கேட்டிருந்தால் மலைத்துப்போயிருப்பார்.

இதோ, சாக்கு தராசில் ஏறுகிறது. எல்லோரும் மூச்சைப் பிடித்து எட்டிப் பார்க்கிறோம். காட்டுக்காரர் சிரிக்கிறார், நிறுவனத்துத் தம்பியும் சிரிக்கிறார். காரணம் மட்டும் வேறு வேறு! காயைக் காயவைத்து மறுபடி எடை போடும் வேலை இன்னும் பாக்கி.

என்னைக் கேட்டால், கொள்கை வகுக்கும் அதிகாரிகள் வருஷத்துக்கு ஒருமுறையாவது இந்தத் தார்ப்பாயில் உட்கார்ந்து காய் ஆய வேண்டும். நீங்களும் உங்கள் ஊரில் பரிசோதனை எப்போது என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுவைத்து, அன்று வரப்பில் போய் நில்லுங்கள். ஆலங்கட்டி மழையோ வெள்ளமோ உங்கள் காட்டை மட்டும் அடித்தால் பிர்கா சராசரிக்குக் காத்திருக்க வேண்டாம். உங்கள் பயிருக்கு அந்தப் பாதுகாப்பும் அறிவிக்கப்பட்டிருந்தால், 72 மணி நேரத்துக்குள் தகவல் சொன்னால் தனியாக வந்து பார்ப்பார்கள்.