கண்டி மலையில் கிறஞ்ச் இசை

கண்டி என்றதும் நம் மனக்கண் முன் எழுவன தலதா மாளிகையும், கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டில் அமைக்கத் தொடங்கிய வாவியும், எசல பெரகராவின் தீப்பந்தங்களுமாம். செவியில் எழுவதோ முழவோசை. கண்டி நடனத்துக்கு உயிர் கொடுப்பது 'கெட்ட பெர' என்னும் இருமுக மத்தளம். நகரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றால் அங்கே கேட்பது தப்பின் ஒலி. காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் சாவுக்கும் அதுவே முழங்கும். முழவுக்கும் தப்புக்கும் பழகிய இம்மலை நகரிலே 2001ஆம் ஆண்டில் வேறொரு முழக்கம் பிறந்தது. அதுவே இன்று நாம் ஆராயும் பொருள்.

'பரனொயிட் ஏர்த்லிங்' என்பது அவ்வாத்தியக்குழுவின் பெயர். 'காரணமின்றி அஞ்சும் மண்ணுலகவாசி' என்று அதனைத் தமிழில் கூறலாம். மிர்ஷாட் பக்மன் என்பவர் அதன் பாடகர். குழு பாடியது ஆங்கிலத்தில். இசைத்ததோ 'கிறஞ்ச்' எனப்படும் கனத்த றொக் இசை. 'டெஃப், பிளைண்ட், டம்ப்' என்பது அவர்களுடைய பாடல்களுள் ஒன்று. செவிடு, குருடு, ஊமை என்பது அதன் பொருள். தலைப்பைக் கேட்ட மாத்திரத்திலேயே இஃது ஆடிக் களிக்கும் பாட்டன்று என்பது விளங்கும்.

கிறஞ்ச் என்றால் யாது? ஆங்கிலக் கொச்சை வழக்கிலே அச்சொல்லுக்கு அழுக்கு, கசடு என்று பொருள். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், மழைக்குப் பெயர்பெற்ற சியாற்றில் நகரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் 1980களின் பிற்பகுதியில் வளர்ந்த இசை இது. மினுக்கிய உடையும் மின்னொளி மேடையுமாக இருந்த அக்காலத்து றொக் இசையை வெறுத்த இளைஞர், பழைய சட்டையுடன் மேடையேறித் தம் மனக்கசப்பைப் பாடினர். அவருள் தலையாயது 'நிர்வாணா' என்னும் குழு. 1989ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதல் இசைத்தட்டை ஒலிப்பதிவு செய்ய ஏறத்தாழ 606 டொலரே செலவாயிற்று. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த 'நெவர்மைண்ட்' என்னும் இரண்டாவது இசைத்தட்டோ, அடுத்த ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் இசைத்தட்டைக் கீழிறக்கி அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பெற்றது. அதன் பாடகர் கேர்ட் கோபேன் 1994ஆம் ஆண்டு ஏப்ரலில், 27 வயதில், தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

"இஃது இசையா, இரைச்சலா?" என்று பெரியோர் வினவுவர். வினா நியாயமானதே. விடை காண, மின்கிற்றார் எவ்வாறு ஒலிக்கிறது என்பதை அறிதல் வேண்டும். தந்தியின் அதிர்வு மின்னலையாக மாறி ஒலிபெருக்கிக்குச் செல்கிறது. கருவி தாங்கக்கூடிய எல்லைக்கு மேல் அதனை முடுக்கினால், அலையின் முகடுகள் கத்தியால் சீவியதுபோலத் தட்டையாகிவிடும். அவ்வாறு சீவப்பட்ட அலையில், மூல சுருதியோடு அதன் மடங்குகளான பல மேற்சுருதிகள் புதிதாகத் தோன்றுகின்றன. அதனாலேயே ஒலி கரகரத்து, தடித்து, நீண்டு நிற்கிறது. 1964ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் 'கிங்ஸ்' குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ், இவ்வோசையைப் பெறுவதற்காகவே தம் ஒலிபெருக்கியின் தாளைச் சவர அலகால் கிழித்தார். பழுதென்று கருதப்பட்டதையே பண்பாக மாற்றிய கதை இது.

இன்னுமொன்று. இவ்வாறு தடித்த ஒலியில் பல சுரங்களைச் சேர்த்து மீட்டினால் எல்லாம் சேறாகக் குழம்பிவிடும். ஆகவே இவ்விசைக்காரர் பெரும்பாலும் ஆதார சுரத்தையும் அதன் ஐந்தாம் சுரத்தையும் மட்டுமே சேர்த்து ஒலிப்பர். நம் வழக்கிலே சொன்னால் ஷட்ஜமும் பஞ்சமமும். தம்பூராவில் நாம் நாள்தோறும் கேட்பதும் அவ்விரண்டு சுரங்களையே அன்றோ! கிற்றாரின் தடித்த தந்தியை ஒரு முழுச்சுரம் தளர்த்திக் கட்டினால், ஒரே விரலால் இவ்விரு சுரங்களையும் அழுத்தலாம், ஒலியும் ஆழமாகும். மெல்ல ஓதுவதுபோலத் தொடங்கும் சரணம், பல்லவிக்கு வந்ததும் வெடித்தெழுவது இவ்விசையின் மற்றோர் இலக்கணம். இலக்கணம் உள்ள ஒன்றை வெறும் இரைச்சல் என்று தள்ளுதல் தகாது.

இத்தகைய இசை கண்டியில் ஏன் வேர்கொண்டது? இலங்கைக்கு மேனாட்டு மெல்லிசை புதிதன்று. 1960களிலேயே கொழும்பில் 'ஜெட்லைனேர்ஸ்' போன்ற குழுக்கள் புகழ்பெற்றிருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் நடன மண்டபங்களுக்குரிய இசையை வழங்கின. 2001ஆம் ஆண்டின் இலங்கையோ களிப்புக்குரிய நாடாக இருக்கவில்லை. போர் நடந்துகொண்டிருந்தது. 1998 ஜனவரியில் தலதா மாளிகை வாயிலிலேயே குண்டு வெடித்திருந்தது. 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் முதன்முறையாக அவ்வாண்டிலே நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது. மழை பொய்த்தமையால் மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. மின்சாரமின்றி ஒலிக்காத வாத்தியத்தை மின்வெட்டுக் காலத்தில் ஏந்திய இளைஞர் இவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவர்கள் போரைப் பாடினர் என்று நாம் வலிந்து பொருள் கொள்ள வேண்டியதில்லை. அச்சமும் சலிப்பும் நிறைந்த காலத்தில் வளர்ந்தவர்க்கு, கசப்பை உரக்கச் சொல்லும் ஓர் இசை ஏற்றதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

குழுவின் தொழில் வாழ்க்கைக்கு இடர்கள் பல. இலங்கையில் வாத்தியக்குழு ஒன்றுக்குப் பணம் தருவன திருமண வீடுகளும் விடுதிகளும். அங்கே கேட்போர் விரும்புவது பிறர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களை. சொந்தப் பாடலை, அதுவும் கனத்த றொக் இசையை, பாட முற்படுவோர் வருவாயைத் துறந்தே தொடங்குகின்றனர். இசைநிகழ்ச்சிகளும் ஒலிபரப்பு நிலையங்களும் பெரும்பாலும் கொழும்பிலேயே உள்ளன. கண்டியிலிருந்து ஏறத்தாழ 115 கிலோமீற்றர் மலைப்பாதையில் வாத்தியங்களோடு இறங்கியே கேட்போரைத் தேடவேண்டும்.

மொழியும் ஒரு சிக்கலே. நம் அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் கண்டியில், ஆங்கிலப் பாட்டு எவருக்கும் தனியுரிமை இல்லாத பொதுமேடை ஆகலாம். ஆனால் ஆங்கிலக் கல்வி வாய்க்காத தோட்டத்து இளைஞனுக்கும் கிராமத்து இளைஞனுக்கும் அம்மேடை எட்டாத உயரத்தில் நிற்கிறது. இணைப்பதாகச் சொல்லும் மொழியே பிரிக்கவும் கூடும். இக்குறையை இவ்விசையின் அன்பர்கள் மறைக்க வேண்டியதில்லை.

வீட்டிலுள்ள பெரியோர்க்கு ஒன்று கூறலாம். உங்கள் மகனோ மகளோ இவ்விசையை விரும்பினால், ஒழுக்கம் கெட்டதென்று அஞ்ச வேண்டா. செவி கெடுமோ என்று மட்டும் கவனியுங்கள். 85 டெசிபெல் அளவான ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் தாங்கலாம் என்பர். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும். இக்கணக்கின்படி 100 டெசிபெலுக்குக் கால் மணிநேரமே எல்லை. பயிற்சிக்கு ஓர் அறையும் காதுக்கு ஒரு சோடி அடைப்பானும் வாங்கிக் கொடுங்கள். அதன்பின் ஒருமுறையேனும் அருகிருந்து அவர்கள் என்ன பாடுகிறார்கள் என்று கேளுங்கள். உரக்கப் பாடுவோர் பலர், மெல்லச் சொன்னபோது எவரும் செவிகொடாதவரே.